செல்வி வழக்கு: மண்டைக்குள் போலீஸ் நுழையலாமா?

வக்கீல்கள் 'செல்வி' என்று ஒற்றைப் பெயரில் சொல்லிவிட்டுப் போகும் தீர்ப்பு ஒன்று உண்டு. முழுப்பெயர் 'செல்வி மற்றும் பிறர் எதிர் கர்நாடக மாநிலம்'. உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் ஆர்.வி. ரவீந்திரன், ஜே.எம். பாஞ்சால் ஆகிய மூவர் அமர்வு 2010 மே 5 அன்று வழங்கியது. 250 பக்கத்தை ஒட்டி நீளும் தீர்ப்பு. ஆனால் அந்தச் செல்வி யார், அவர் மேல் என்ன வழக்கு என்று தேடினால் அதற்குள் பதில் கிடைக்காது. 2004 தொடங்கி வெவ்வேறு மாநிலங்களிலிருந்து வந்து சேர்ந்த மேல்முறையீடுகளை ஒரே கட்டாக விசாரித்தார்கள். அதனால் எவருடைய கதைக்குள்ளும் போகாமல் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கோர்ட் எடுத்துக்கொண்டது: விருப்பமில்லாத ஒருவர் மீது நார்கோ (மயக்க மருந்து ஏற்றி விசாரிப்பது), பாலிகிராஃப் (பொய் கண்டறியும் கருவி), பிரெய்ன் மேப்பிங் (மூளையின் மின்னசைவை அளப்பது) சோதனைகளை நடத்தலாமா?

குற்றம் என்ன, கொன்றது யார் என்று தெரியாமலே படித்து முடிக்க வேண்டிய தீர்ப்பு. அதுவும் நல்லதற்குத்தான். குற்றத்தின் கொடூரம் முதலில் வந்து உட்கார்ந்துகொண்டால், அப்புறம் உரிமையைப் பற்றிப் பேசுகிறவனை யாரும் மதிப்பதில்லை.

அந்த நாட்களின் மோகம்

2000-களின் நடுவில் நார்கோ என்றால் நாட்டுக்கே ஒரு கிறக்கம். முத்திரைத்தாள் மோசடி வழக்கில் அப்துல் கரீம் தெல்கிக்கு நடந்த சோதனையின் வீடியோ 2006-இல் செய்தி சேனல்களில் ஓடியது. அரைமயக்கத்தில் கிடக்கும் ஒருவர் குழறலாகப் பெரிய மனிதர்களின் பெயர்களைச் சொல்ல, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே ஜனங்கள் பார்த்தார்கள். விசாரணை ஆவணம் எப்படி சேனலுக்குப் போனது என்று கேட்டவர்கள் குறைவு.

இந்தச் சோதனைகளுக்குப் பேர்போன இடம் பெங்களூரு தடய அறிவியல் ஆய்வகம். பல மாநில போலீசாரும் கைதிகளை அங்கேதான் கூட்டிப்போனார்கள். அங்கே இந்தச் சோதனைகளை முன்னின்று நடத்தி நாடெங்கும் பெயர் வாங்கிய உளவியலாளர் ஒருவரை, வேலைக்குச் சேரும்போது கொடுத்த சான்றிதழ்கள் போலி என்று சொல்லி 2009-இல் கர்நாடக அரசு பணிநீக்கம் செய்தது. அதற்குள் அவர் கேள்வி கேட்ட வழக்குகள் பல கோர்ட்டுகளில் நடந்துகொண்டிருந்தன.

நார்கோ என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? மயக்க மருந்து நிபுணர், மனநல மருத்துவர், தடயவியல் உளவியலாளர், வீடியோ எடுப்பவர், நர்ஸ் என்று ஒரு குழு கூடும். ஆபரேஷனுக்கு முன் நோயாளியைத் தூங்கவைக்கப் பயன்படும் சோடியம் பென்டதாலைக் கை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். வயது, எடை, உடல்நிலை பார்த்து அளவு வைப்பார்கள். கூடிப்போனால் கோமா, மரணம் வரை போகலாம் என்பதால் இ.சி.ஜி.யும் ரத்த அழுத்தமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முழுத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே ஒரு நிலையில் ஆளை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பார்கள். அந்த நிலையில் ஒருவருக்கு நாக்கு மேல் இருக்கும் பிடி தளர்ந்துபோகிறது, அது நிஜம். ஆனால் தளர்ந்த நாக்கிலிருந்து வருவதெல்லாம் உண்மைதான் என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை. ஆசை, பயம், எங்கோ கேள்விப்பட்டது எல்லாம் கலந்து வரும். கேள்வியிலேயே பதிலைப் பொதிந்து கேட்டால் அதையே திருப்பிச் சொல்லவும் செய்வார்கள்.

இந்த யோசனை ஒன்றும் நம்முடையது அல்ல. 1922-இல் அமெரிக்காவின் டல்லாஸ் சிறையில் ராபர்ட் ஹவுஸ் என்ற டாக்டர் இரண்டு கைதிகளுக்கு ஸ்கோபோலமைன் கொடுத்துப் பார்த்ததிலிருந்துதான் 'உண்மை மருந்து' என்ற பேச்சு பரவியது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1963-இல், போலீஸ் டாக்டர் செலுத்திய மருந்தின் விளைவாக வந்த ஒப்புதல் வாக்குமூலம் சுயவிருப்பத்தில் வந்தது ஆகாது, செல்லாது என்று சொல்லிவிட்டது. கண்டுபிடித்தவர்கள் கைவிட்டதை நாம் 40 வருடம் கழித்து ஆவலோடு எடுத்துக்கொண்டோம்.

பாலிகிராஃப் பழைய சரக்கு. மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், கைவியர்வை நான்கையும் அளந்து பதற்றத்தைக் கண்டுபிடிக்கும். பொய் சொல்கிறவனுக்கும் பதற்றம் வரும், போலீசைப் பார்த்துப் பயந்தவனுக்கும் பதற்றம் வரும். அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

வாய் திறக்காமலே ஆயுள் தண்டனை

மூன்றாவது சோதனைதான் விவகாரமானது. பிரெய்ன் மேப்பிங்கில் ஆள் பேசவே வேண்டாம்.

2008 ஜூனில் புனே செஷன்ஸ் கோர்ட் ஒரு கொலை வழக்கில் இளம்பெண் ஒருவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. முன்பு தனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவருக்கு ஆர்சனிக் கலந்த பிரசாதம் கொடுத்துக் கொன்றார் என்பது குற்றச்சாட்டு. மும்பை ஆய்வகத்தில் அவர் தலையில் 32 மின்முனைகளைப் பொருத்தி உட்காரவைத்தார்கள். போலீஸ் தரப்புக் கதையை, அவரே 'நான்' என்று சொல்வது போல, வாக்கியம் வாக்கியமாக வாசித்தார்கள். 'நான் ஆர்சனிக் வாங்கினேன்' என்று ஒன்று. 'வானம் நீல நிறம்' என்று சம்பந்தமில்லாத ஒன்று நடுவில். ஒரு மணி நேரம் அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் குற்றத்தைப் பற்றிய வாக்கியங்கள் வந்தபோது மூளையில் எழுந்த மின்னசைவைப் பார்த்து, இது வெறுமனே கேள்விப்பட்டது அல்ல, இவர் தாமே அனுபவித்தது என்று மென்பொருள் சொன்னது. இதர சாட்சியங்களோடு இதையும் கோர்ட் எடுத்துக்கொண்டது.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். கைதாகி, பல நாள் விசாரணையில், அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட ஒருவருக்கு அந்த வாக்கியங்கள் காதில் விழும்போது மூளை சும்மா இருக்குமா? நிரபராதிக்குத்தான் இன்னும் கூடுதலாக அதிரும். அதே 2008-இல், பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸின் இயக்குநர் தலைமையில் மத்திய அரசு அமைத்திருந்த நிபுணர் குழு, இந்த மூளைச் சோதனைகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது, கோர்ட்டில் ஆதாரமாகக் காட்டக்கூடாது என்று அறிக்கை கொடுத்தது. இத்தனைக்கும் இந்த முறையை உருவாக்கிய சி.ஆர். முகுந்தன் அதே நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் துறைத் தலைவராக இருந்தவர். புனே பெண்ணுக்குப் பின்னர் பம்பாய் உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது.

சென்னை சொன்னது

செல்வி தீர்ப்புக்கு முன்னால் உயர் நீதிமன்றங்கள் ஏறக்குறைய எல்லாமே போலீஸ் பக்கம்தான் நின்றன. 2004-இல் பம்பாய், 2006-இல் கேரளம். அதே 2006-இல் தினேஷ் டால்மியா வழக்கில் நம் சென்னை உயர் நீதிமன்றமும் நார்கோவுக்கு அனுமதி கொடுத்தது. அது சொன்ன காரணம் இதுதான்: குற்றம்சாட்டப்பட்டவரை அவர் விருப்பத்துக்கு மாறாக ஆய்வகத்துக்குக் கூட்டிப்போகலாம், ஆனால் சோதனையின்போது அவர் வெளியிடுவது அவராகவே சொல்வதுதான்.

ஊசி போட்டது கட்டாயம், உளறியது சுயவிருப்பம்! வக்கீல் மூளை எவ்வளவு தூரம் வளையும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை எடுத்துவைத்து, மறுத்து, ஒதுக்கியது.

கைரேகைக்கும் நினைவுக்கும் நடுவில்

அரசமைப்புச் சட்டத்தின் 20(3) சொல்வது ஒரே வரி. குற்றம்சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாக இருக்கும்படி கட்டாயப்படுத்தக்கூடாது. இதற்கு 1961-இல் காதி காலு ஓகத் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு ஒரு கோடு போட்டிருந்தது. கைரேகை, கையெழுத்து மாதிரி, உடம்பைக் காட்டுவது இவையெல்லாம் சாட்சியம் ஆகாது, கட்டாயப்படுத்தி எடுக்கலாம். தனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தைத் தெரிவிப்பதுதான் சாட்சியம். கைரேகை ஏற்கெனவே விரலில் இருக்கிறது, யாரும் அதை மாற்றிச் சொல்ல முடியாது. தெரிந்ததைச் சொல்வதோ விடுவதோ அந்த ஆளின் முடிவு.

அரசுத் தரப்பு இந்தக் கோட்டையே பிடித்துக்கொண்டது. மூளை அலையும் நாடித் துடிப்பும் கைரேகை மாதிரி உடம்பின் கூறுதானே என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போலீசுக்கு வேண்டியது நாடித் துடிப்பு அல்ல. அந்தத் துடிப்பின் வழியாக 'இவனுக்கு இது தெரியும்' என்ற தகவல்தான் வேண்டும். வாய் அசையாவிட்டாலும், ஒருவர் மண்டைக்குள் இருக்கும் அறிவை அவர் அனுமதியில்லாமல் எடுத்தால் அது சாட்சியம்தான் என்று கோர்ட் முடிவு செய்தது. குற்ற நடைமுறைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 2005-இல் சேர்த்த 'இதர சோதனைகள்' என்ற வார்த்தைக்குள் இதை நுழைக்கவும் விடவில்லை. அங்கே பட்டியலில் இருப்பவை ரத்தம், விந்து, எச்சில், முடி, நகம். அந்த வரிசையில் நினைவு வராது.

என் பார்வையில் தீர்ப்பின் முதுகெலும்பு இந்த இடம்தான். பலரும் செல்வியை 'இந்தச் சோதனைகள் நம்பகமில்லை என்று சொன்ன தீர்ப்பு' என்று சுருக்குகிறார்கள். நம்பகத்தன்மை பற்றியும் கோர்ட் நிறையப் பேசியது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதோடு நின்றிருந்தால் அடுத்த பத்து வருடத்தில் இன்னும் துல்லியமான ஒரு கருவியோடு வந்து 'இப்போது நம்பலாம், கட்டிப்போட்டுச் சோதிக்கலாம்' என்று கேட்டிருப்பார்கள். அரசமைப்புச் சட்டத்தின் பிரிவு 21-இன் கீழ் மனத்தின் அந்தரங்கம் என்று ஒன்று உண்டு, பேசுவதா வேண்டாமா என்ற தேர்வு அதன் பகுதி, கட்டாயச் சோதனை கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தைக்குச் சமம் என்று சேர்த்துச் சொன்னதால் அந்த வாசல் அடைபட்டது. கருவி நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னாலும் கட்டாயப்படுத்த முடியாது. 2017-இல் புட்டசாமி வழக்கின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது செல்வியையும் துணைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அரசுத் தரப்பின் இன்னொரு வாதம் என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். அடித்து உதைப்பதைவிட ஊசி மேல் அல்லவா, மூன்றாம் தர விசாரணைக்கு இது நாகரிகமான மாற்று அல்லவா என்று கேட்டார்கள். அடிப்போம் என்பதை ஒப்புக்கொண்டு, அடிக்காமல் இருக்கச் சலுகை கேட்கும் வாதம். ஒரு தப்புக்குப் பதில் இன்னொரு தப்பை வைப்பது சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வரும் தர்க்கம் என்று கோர்ட் தள்ளிவிட்டது. சர் ஜேம்ஸ் ஸ்டீபன் 1883-இல் எழுதிவைத்த ஒரு பேச்சு இங்கே பொருந்தும். இந்தியாவில் போலீஸ் ஏன் கைதிகளைச் சித்திரவதை செய்கிறது என்று கேட்டதற்கு ஓர் அதிகாரி சொன்னாராம்: வெயிலில் அலைந்து ஆதாரம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஒரு பாவப்பட்டவன் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பது சுகம். மிளகாய்ப்பொடி போய் சொட்டு மருந்து வந்தாலும் நிழலும் சோம்பலும் அப்படியேதான்.

திறந்துவைத்த இரண்டு வாசல்

சரி, தீர்ப்பு முழுவதையும் கொண்டாட முடியுமா? முடியாது. கட்டாயம் கூடாது என்றது. சம்மதித்து நடந்தாலும் சோதனை முடிவை நேரடிச் சாட்சியமாக எடுக்க முடியாது, ஏனென்றால் சோதனை நடக்கும்போது பதில்கள் அந்த ஆளின் கட்டுப்பாட்டில் இல்லை என்றும் சொன்னது. ஆனால் சம்மதத்தோடு நடந்த சோதனையில் கிடைத்த தகவலை வைத்து ஒரு பொருளைக் கைப்பற்றினால், உதாரணத்துக்குக் கொலைக்கான ஆயுதம், அதை சாட்சியச் சட்டம் 27-இன்படி ஏற்கலாம் என்றது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் இது 23-ஆம் பிரிவுக்குள் இருக்கிறது. 'எதிரி (குற்றம்சாட்டப்பட்டவர்) காட்டிய இடத்தில் கத்தியை எடுத்தோம்' என்று எழுதாத குற்றப்பத்திரிகை நம் ஊரில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லாம் சம்மதம் என்ற ஒற்றை ஆணியில் தொங்குகிறது. அதைக் காக்க தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் பாலிகிராஃபுக்காக வெளியிட்ட நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கி, மற்ற இரண்டுக்கும் அதேபோல் பின்பற்றச் சொன்னது. வக்கீலைப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். சோதனையின் உடல், மன, சட்ட விளைவுகளை விளக்க வேண்டும். சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன் பதிய வேண்டும். எத்தனை நாள் காவலில் இருந்தார், விசாரணை எப்படி நடந்தது என்று மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும். சோதனையை மருத்துவமனை போன்ற சுயேச்சையான அமைப்பு, வக்கீல் முன்னிலையில் செய்ய வேண்டும்.

எழுத்தில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் நம் ஊரில் கைதிகள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு போட்டோவுக்கு நிற்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எல்லோரும் சிரிக்கிறோம். அப்படியொரு ஸ்டேஷனிலிருந்து கூட்டிவரப்படும் ஒருவர் மாஜிஸ்திரேட் முன் 'எனக்குச் சம்மதம் ஐயா' என்று சொல்வதற்கு என்ன எடை? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடித்த காயங்களோடு மாஜிஸ்திரேட்டிடம் காட்டப்பட்டுத்தான் ரிமாண்ட் ஆனார்கள், சில நாட்களில் இருவரும் இறந்தார்கள். ரத்தக் காயத்தையே பார்க்காத இடத்தில் மனத்தின் தயக்கத்தைப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கொஞ்சம் அதிகம்.

அதற்காக மாஜிஸ்திரேட் கோர்ட் வெறும் சடங்கு என்றும் சொல்லிவிட முடியாது. அமைச்சராக இருந்த கே.என். நேருவின் தம்பி ராமஜெயம் 2012 மார்ச்சில் கொல்லப்பட்ட வழக்கில், பத்து வருடம் கழித்து சிறப்புப் புலனாய்வுக் குழு 13 பேரிடம் உண்மை கண்டறியும் சோதனை நடத்த திருச்சி கோர்ட்டை அணுகியது. வக்கீல்களோடு வந்து 12 பேர் சம்மதித்தார்கள், ஒருவர் மறுத்தார். மறுத்தவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் 2023 ஜனவரியில் சென்னையில் சோதனை நடந்தது. 'முடியாது' என்ற ஒரு சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது என்றால் அது செல்வியால்தான். சோதனைகள் அந்த வழக்கை முடித்துவைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

தீர்ப்பைத் தெரியாத மாதிரி நடந்துகொண்டவர்களும் உண்டு. 2020-இல் ஹத்ராஸில் தலித் இளம்பெண் கொல்லப்பட்டபோது, குற்றம்சாட்டப்பட்டவர்களோடு சேர்த்து அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கும் நார்கோ, பாலிகிராஃப் நடத்தப்போவதாக உத்தரப் பிரதேச அரசு அறிவித்தது. மகளை இழந்தவர்கள் மேலேயே சந்தேக ஊசி. குடும்பம் மறுத்தது. சோதனை என்பது எப்படி மிரட்டலாக மாறுகிறது என்று காட்ட அதற்கு மேல் உதாரணம் தேவையில்லை.

செல்விக்கு முன்பு சோதிக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள்? 2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் கைதானவர்களில் சிலரை பெங்களூருவுக்குக் கொண்டுபோய் நார்கோ நடத்தினார்கள். 2015-இல் 12 பேருக்குத் தண்டனை, அதில் 5 பேருக்குத் தூக்கு. 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. ஒப்புதல் வாக்குமூலங்கள் சித்திரவதையில் வாங்கியவை என்பது அது சொன்ன முக்கியக் காரணங்களில் ஒன்று. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாகக் கொள்ளக்கூடாது என்று தடையும் வந்தது. 19 வருடச் சிறைக்கு எந்தத் தடையும் வரவில்லை.

15 வருடம் கழித்து மறுபடி அதே கேள்வி

2025 ஜூன் 9. பீகாரில் காணாமல்போன மனைவி சம்பந்தமான வழக்கு. ஜாமீன் மனு விசாரணையில் போலீஸ் அதிகாரி, குற்றம்சாட்டப்பட்ட எல்லோருக்கும் சாட்சிகளுக்கும் நார்கோ நடத்தப்போகிறோம் என்று சொல்ல, பாட்னா உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் சஞ்சய் கரோல், பி.பி. வராலே அமர்வு அதை ரத்து செய்தது. சம்மதமில்லாத சோதனை செல்லாது, சம்மதத்தோடு நடந்ததை மட்டும் வைத்துத் தண்டிக்கவும் முடியாது என்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. தன் நிரபராதித்தனத்தை நிரூபிக்க எனக்கு நார்கோ நடத்துங்கள் என்று எதிரியே கேட்டால்? கேட்கலாம், உரிய கட்டத்தில் கோர்ட் பார்த்து அனுமதிக்கலாம், ஆனால் அது கேட்டவுடன் கிடைக்கும் உரிமை அல்ல என்றது அமர்வு. 15 வருடப் பழைய சட்டம் ஓர் உயர் நீதிமன்றத்துக்கு நினைவில்லாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

இதற்கிடையில், 1961-இல் கோர்ட் போட்ட கோட்டின் உடம்புப் பக்கத்தை நாடாளுமன்றம் நன்றாக அகலப்படுத்திக்கொண்டது. 2022-இல் வந்த குற்ற நடைமுறை அடையாளச் சட்டம் கைரேகை, கால்ரேகை, கருவிழி, விழித்திரை, உயிரியல் மாதிரி, கையெழுத்து உள்ளிட்ட 'நடத்தைக் கூறுகள்' என எல்லாவற்றையும் எடுக்கலாம், 75 வருடம் வைத்திருக்கலாம் என்கிறது. மறுப்பதும் குற்றம். நார்கோவும் பிரெய்ன் மேப்பிங்கும் இதில் வராது என்று விவாதத்தின்போது உள்துறை அமைச்சர் சொன்னார். ஆனால் 'நடத்தைக் கூறுகள்' என்ற அந்த வார்த்தையில் வேலி எங்கே என்று சட்டத்தில் தெளிவாக இல்லை.

செல்வியின் இன்றைய சண்டை மருந்து ஊசியில் இல்லை, செல்போனில் இருக்கிறது. பாஸ்வேர்டைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தலாமா? 2021 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் விரேந்திர கன்னா வழக்கில், பாஸ்வேர்ட் கொடுப்பது கைரேகை கொடுப்பது போன்றதுதான், சாட்சியம் ஆகாது என்றது. அதே தீர்ப்பில் சம்மதமில்லாத பாலிகிராஃபை ரத்தும் செய்தது. 2022 அக்டோபரில் டெல்லி சி.பி.ஐ. சிறப்பு நீதிமன்றம் நேர்மாறாகப் போனது. பாஸ்வேர்ட் மனதில் இருப்பது, நினைத்துச் சொல்ல வேண்டியது, செல்வி அதைக் காக்கிறது. விரலை வைத்துத் திறப்பது வேறு, அது உடம்பின் கூறு, சட்டப்படி எடுக்கலாம் என்றது.

எனக்கு டெல்லி நீதிபதி சொன்னதுதான் செல்விக்கு நெருக்கமாகப் படுகிறது. ஆனால் அதன் நடைமுறை விளைவு விசித்திரமானது. நான்கு இலக்க எண்ணால் போனைப் பூட்டியவருக்கு 20(3) துணைக்கு வரும். விரல் ரேகையால் பூட்டியவரின் விரலைப் பிடித்துப் போனில் வைத்துவிடலாம். இரண்டு போனுக்குள்ளும் இருப்பது அதே கடிதங்கள், அதே படங்கள், அதே பேச்சு. இந்த முரண்பாட்டை உச்ச நீதிமன்றம் இதுவரை எடுத்துத் தீர்த்துவைக்கவில்லை. அதுவரை எந்த ஊர் கோர்ட்டில் நிற்கிறோம், போனை எதனால் பூட்டியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து உரிமை மாறும்.